பயறு டீச்சரும் எண்பது சிரட்டையும்

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக நான் எழுதியதெல்லாம் சாக்கின் மேல்தான். கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தொட்டு, மிளகு என்றால் ஒரு குறி, சுக்கு என்றால் இன்னொரு குறி, கீழே நம்பர். அந்தக் கை தாளுக்கு வந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் எழுதுகிறது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். தென்காசிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அப்பா என்னைக் கொச்சிப் பக்கம் மட்டாஞ்சேரிக்குக் கூட்டி வந்துவிட்டார். எந்த 'ர' எங்கே வரும் என்பதைப் பத்திரிகை ஆசிரியர் ஐயாவே பார்த்துப் போட்டுக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் ஓர் ஆட்டைத் தராசில் ஏற்றி, அது தின்ற பயறு எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பார்த்த ஒரே பேராசிரியர் எங்கள் பயறு டீச்சர்தான். வேறு யாராவது இருப்பதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆடும் நம்பாது.

டீச்சருக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் வேலை. வயது ஐம்பத்திரண்டு இருக்கும். நான் வேலை செய்யும் மிளகுக் கிட்டங்கியின் மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்தார். அறைக்கு வெளியே மொட்டை மாடி. அதில்தான் நாங்கள் மிளகு காயப் போடுவோம். "மாடியில் பத்துப் பன்னிரண்டு சட்டி வச்சுக்கலாமுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டாராம். துளசிச் செடியாக இருக்கும் என்று நினைத்து முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

அடுத்த நாள் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து எண்பது சட்டி இறங்கியது.

எங்கள் மேஸ்திரி அந்தோணிச் சேட்டன் லாரியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. மூட்டை நிரம்பும்போது பக்கத்தில் நின்று "மதி, கெட்டிக்கோ" என்று சொல்லுவார். போதும், கட்டு என்று அர்த்தம். நாள் முழுக்க அவர் பேசும் பேச்சு பெரும்பாலும் அதுதான். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நீட்டினார்.

"எந்தா டீச்சரே இது? மிளகு காயற மாடியில பயறு தோட்டமா?"

"பயறு இல்லீங்க, சோயாங்க" என்றார் டீச்சர்.

"காயில விதை இருக்கோ?"

"இருக்குதுங்க."

"அப்போ பயறுதன்னெ."

அதோடு பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய உண்மைப் பெயரை நான் தபால்காரர் வாயால் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அன்றும் அது வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டீச்சரின் முதல் விசேஷம் மரியாதை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் மரியாதையாகப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது செடிக்கும் உண்டு என்று தெரியாது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு சட்டியாக நின்று, "ஏனுங்க, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? இலை ஏன் வாடியிருக்குது? வெயில் ஒத்துக்கலீங்களா?" என்று விசாரிப்பார். என்னையும் "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா" என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து "எடா" என்ற ஒரே அழைப்பில் வளர்ந்தவன் நான். அவர் "வாங்கண்ணா" என்றால் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

எதற்கு இவ்வளவு செடி என்று கேட்க எனக்கு ஆசை. ஆனால் நான் கூச்சக்காரன். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நாலு நாள் யோசிப்பேன். அந்தோணிச் சேட்டன்தான் ஒரு நாள் கேட்டார். டீச்சர் ஒரு சோயா விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஜீன் இருக்குதுங்க. ஒவ்வொண்ணும் ஒரு வேலையைப் பார்க்குது. அதுல ஒருத்தர் மேஸ்திரி மாதிரிங்க. விதை வளர்ந்துட்டே இருக்கும்போது, 'போதும், நிறுத்து'ன்னு சொல்றவர் அவர்தான்னு எனக்கு ஒரு சந்தேகம். சீக்கிரம் சொல்லிட்டார்னா விதை சின்னது, எடை குறைவு. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்னா விதை பெரிசு, எடை அதிகம்."

கிட்டங்கியில் இருந்த அத்தனை பேரும் அந்தோணிச் சேட்டனைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஜீன்' என்று பெயர். "ஜீன் வருது, வேலையைப் பாரு" என்பார்கள். அவருக்கும் அது தெரியும். "என்னைப் பிடிச்சு ஒரு பயறுக்குள்ள போட்டாச்சு" என்று முணுமுணுப்பார்.

டீச்சரிடம் இருந்தது இரண்டு வகைச் செடி. இரண்டும் உடன்பிறந்தது மாதிரி. மற்ற எல்லாம் ஒன்று, அந்த ஒரு ஜீனில் மட்டும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசமாம். ஒன்றுக்கு அக்கா என்று பெயர், சிவப்பு நூல் கட்டியிருப்பார். மற்றதற்குத் தங்கச்சி, வெள்ளை நூல். நாற்பது அக்கா, நாற்பது தங்கச்சி. ஓர் எழுத்து மாறினால் விதையின் எடையே மாறும் என்றால், நான் எழுதுகிற இந்தக் கட்டுரையை விதைத்தால் என்ன முளைக்குமோ தெரியவில்லை.

விளைந்ததும் ஒவ்வொரு செடியிலிருந்தும் நூறு விதை எண்ணி எடை போட வேண்டும். தங்கச்சி விதை அதிக எடை வந்தால் டீச்சர் நினைத்தது சரி. அந்தக் கணக்கை எழுதித்தான் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்க வேண்டும். ஆறு வருஷமாக இதே வேலை. பல்கலைக்கழகம் மூன்று முறை தவணை கொடுத்துவிட்டது. ஜூன் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும் என்று கடிதம் வந்திருந்தது. அதை அறைக் கதவில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார்.

காய் பிடித்திருந்த சமயத்தில்தான் ஆடு வந்தது. எங்கள் பஜாரில் ஆடுகள் ஆட்களைவிடச் சுதந்திரமாகத் திரியும். ஒரு கறுப்பு ஆடு யாருக்கும் தெரியாமல் இரண்டு மாடி ஏறி, பதினேழாம் நம்பர் அக்காவைக் காயோடு சேர்த்துத் தின்றுவிட்டது. டீச்சர் படிக்கட்டில் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"அவங்களைப் பிடிங்க! விட்றாதீங்க! பதினேழு அவங்க வயித்துலதான் இருக்குதுங்க!"

நாங்கள் யாரோ திருடன் என்று நினைத்து வாசலை அடைத்தோம். ஆடு வந்து நின்றது. டீச்சர் அதை மூட்டைத் தராசில் ஏற்றச் சொன்னார். நான்கு பேர் பிடித்து ஏற்றினோம். டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே முள்ளைப் பார்த்துக் குறித்தார். அந்தோணிச் சேட்டன் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரே, அது திங்கறதுக்கு முந்தி எடை எடுத்தோ?"

டீச்சர் அப்படியே ஒரு சுக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இல்லீங்க. அது என்ற தப்புதானுங்க" என்றார்.

தப்பைத் திருத்திக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தோறும் எங்கள் தெரு ஆடுகள் எல்லாம் கிட்டங்கிக்கு வந்து எடை பார்த்துக்கொண்டன. இனி எந்த ஆடு ஏறித் தின்றாலும் முந்தைய எடை கையில் இருக்க வேண்டுமாம். ஒரு தழைக்கட்டு கிடைக்கும் என்று பழகிப்போய், மூன்றாவது வாரம் ஆடுகள் தாங்களாகவே வரிசையில் நின்றன. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஆனால் இரண்டு ஆடு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து எண்ணிக்கை. ஜனவரியில் அக்காவும், பத்து நாள் கழித்துத் தங்கச்சியும் அறுவடையானதும், எல்லா விதையையும் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஒரே நாளில் மின்அடுப்பில் உலர்த்திக் கொண்டு வந்தார். கல்லூரியில் பாடம், பரீட்சை எல்லாம் முடிந்து அவர் எண்ண உட்கார்ந்தபோது ஜூன் பிறந்து, மழை பிடித்துவிட்டது.

எண்ணும்போது சின்னச் சத்தம் கேட்டாலும் டீச்சருக்குக் கணக்கு விட்டுப்போகும். முதலிலிருந்து தொடங்குவார். தோப்பும்படியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஒருவர் இருக்கிறார். அவர் "கூய்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பள்ளுருத்தி வரை கேட்கும். டீச்சர் தொண்ணூற்றாறுக்கு வரும்போதுதான் அவர் சரியாகக் கூவுவார். நாலு நாள் பார்த்துவிட்டு டீச்சர் ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு கட்டினார். துண்டு தொங்கினால் எண்ணிக்கை நடக்கிறது, தெரு பேசக்கூடாது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டார்கள். மீன்காரர் வீடு வீடாக நின்று கையை மீன் மாதிரி ஆட்டிக் காட்டினார். மத்தி என்றால் சின்ன ஆட்டல், அயிலை என்றால் பெரிய ஆட்டல்.

ஒரு காலை துண்டு அவிழ்ந்தது. டீச்சர் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தோடு இறங்கி வந்தார். எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி.

"முருகேசண்ணா, தங்கச்சி ஜெயிச்சுட்டாங்க! கையில வச்சுப் பார்த்தாலே தெரியுதுங்க!"

என் இடது கையில் அக்கா விதை, வலது கையில் தங்கச்சி விதை. இரண்டிலும் நூறு நூறு.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிளகை எடை போடுவதற்கு முன்னால் நாங்கள் காதில் போடுவோம். ஒரு பிடி எடுத்து, கையை மூடி, காதருகே குலுக்க வேண்டும். காய்ந்த மிளகு டப்பாவுக்குள் ஆணி குலுங்குவது போலக் கலகலக்கும். ஈர மிளகு வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் எதுவும் காற்றைக் குடித்து எடை கூடும். அதனால் இரண்டு சரக்கை ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே இடத்தில் திறந்து வைத்து, ஒரே காற்றைக் குடிக்க விட்டு, சத்தம் ஒன்றான பிறகுதான் தராசுக்குக் கொண்டுபோவோம்.

கைக்குப் பழக்கம். நான் கேட்காமலே அது இரண்டு விதையையும் காதருகே கொண்டுபோய்க் குலுக்கியது.

அக்கா கலகலத்தது. தங்கச்சி வாயில் சோறு.

மறுபடி குலுக்கினேன். அதேதான். டீச்சர் அறைக்கு அலமாரி தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். அக்கா விதைகள் பிஸ்கட் டின்களில் இறுக்கி மூடியிருந்தன. டின் தீர்ந்துபோனதால் தங்கச்சி விதைகள் துணிப் பைகளில், சுக்குக் கிட்டங்கிப் பக்கத்துச் சுவரை ஒட்டிய தட்டில் இருந்தன. அந்தச் சுவர் மழை வந்தால் மனுஷன் மாதிரி வியர்க்கும். டீச்சர் ஜெயித்தது என்று சொன்ன எடையில் எவ்வளவு விதை, எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? பொள்ளாச்சியில் ஒருமுறை காய்ந்தது காய்ந்ததுதான். எங்கள் ஊரில் அந்த நம்பிக்கை கூடாது.

அந்தோணிச் சேட்டனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் இரண்டு பிடியையும் குலுக்கிக் கேட்டார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

"எடா முருகேசா, மிண்டாதே. வாயைத் திறக்காதே. அவங்க எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிப் போகட்டே. மாடி நமக்குத் திரும்பிக் கிட்டும்."

"பின்னால யாராவது கண்டுபிடிச்சா டீச்சர் மானம் போயிருமே, சேட்டா."

"அப்போ நீ போய்ப் பற."

போய்ச் சொல் என்கிறார். அதில்தான் சங்கடம். முதல் நாள் மாடி ஏறிப் போனேன். டீச்சர் எழுதிக்கொண்டிருந்தார்.

"டீச்சரே..."

"சொல்லுங்கண்ணா."

"... சாயா வேணுமா?"

வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். மத்தியானம் மறுபடி போனேன். மறுபடி சாயா. மூன்று நாளில் டீச்சர் பதினொரு சாயா குடித்தார். "முருகேசண்ணா, உங்க அன்புக்கு ரொம்ப நன்றிங்க. ஆனா எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்க" என்றார். எனக்கும்தான் வரவில்லை.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஓர் உடைந்த சட்டி இருந்தது. சிந்திய விதை ஒன்று மழைக்கு அதில் தானாக முளைத்திருந்தது. அக்காவா தங்கச்சியா என்று தெரியாததால் டீச்சர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. "இவங்க விருந்தாளிங்க" என்று சொல்லி, அதற்கும் தினமும் நலம் விசாரிப்பார்.

நாலாம் நாள் நான் அந்த விருந்தாளியின் முன்னால் போய் நின்றேன். மனுஷர் முகத்தைப் பார்த்தால்தானே எனக்கு வாய் அடைக்கிறது? அறைக் கதவு திறந்திருந்தது. கொஞ்சம் உரக்கவே பேசினேன்.

"இங்க பாருங்க, நீங்க தப்பா நினைக்கக்கூடாது. நான் படிக்காதவன். உங்க சொந்தக்காரங்க தங்கச்சி இருக்காங்களே, அவங்க துணிப்பையில இருந்தாங்க. சுவர் ஈரத்தைக் குடிச்சிருக்காங்க. அக்கா டின்னுக்குள்ள பத்திரமா இருந்தாங்க. குலுக்கினா சத்தம் ரெண்டும் வேற வேற. டீச்சர்கிட்ட இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்களாவது சொல்லுங்க."

சொல்லி முடித்துத் திரும்பினேன். டீச்சர் கதவுக்கு வெளியே, குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார்.

எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. செடியின் முன்னால் குனிந்தார்.

"விருந்தாளிங்க, அண்ணா சொன்னதைக் கேட்டீங்களா? ஆறு வருஷமா நான் சோயாவைப் படிச்சேன். இந்த ஊர்க் காத்தைப் படிக்கலீங்க."

பிறகு உள்ளே போய், எழுதி வைத்திருந்த தாள்களைக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். கதவில் ஒட்டிய கடிதத்தைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கல்லூரிக்குக் கொண்டுபோய் மறுபடி உலர்த்தலாம் என்றால், கலெக்டர் மழைக்கு லீவு விட்டுவிட்டார். மழையைப் பார்த்தால் லீவு சீக்கிரம் முடிகிறதாகத் தெரியவில்லை.

"உங்க கிட்டங்கியில எப்படிப் பண்ணுவீங்க, அண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரே காற்று குடிக்க விடுவோம், டீச்சரே. திறந்து, பக்கத்துப் பக்கத்துல வச்சு."

"அப்படியே பண்ணிரலாமுங்க."

ஆனால் ஒவ்வொரு செடியின் விதையும் தனித்தனியாக இருக்க வேண்டும். அத்தனை தட்டுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போது படிக்கட்டில் கடகடவென்று சத்தம். அந்தோணிச் சேட்டன் ஒரு சாக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கவிழ்த்தார். எல்லாம் தேங்காய்ச் சிரட்டை. எண்ணிப் பார்த்தேன். சரியாக எண்பது.

"மாடி சீக்கிரம் ஒழியணும், அதுக்காகத்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அறைத் தரையில் வரிசையாக நூல் கட்டிய சிரட்டைகள். ஆடு தின்ற பதினேழுக்கு மட்டும் ஒரு காலிச் சிரட்டை. "வராதவங்களுக்கும் இடம் வைக்கோணுமுங்க" என்றார் டீச்சர். காலையும் மாலையும் நான் போய் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று காதில் குலுக்கிப் பார்ப்பேன். டீச்சர் பக்கத்தில் நின்று, டாக்டர் நாடி பிடிக்கும்போது நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்ப்பது போல என் முகத்தையே பார்ப்பார்.

"இன்னும் இல்லை, டீச்சரே."

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கீழே ஒவ்வொருவரும் என்னைப் பிடித்துக் கேட்டார்கள். மீன்காரர் கையால் கேட்டார். ஏழாம் நாள் காலை இரண்டு கையிலும் ஒரே சத்தம். நம்பிக்கை வராமல் கையை மாற்றிக் குலுக்கினேன். அப்போதும் ஒரே சத்தம்.

"ஆச்சு டீச்சரே."

டீச்சர் என்னை வெளியே அனுப்பிவிட்டு நூல்களை எல்லாம் அவிழ்த்து, சிரட்டைகளைக் கலைத்து வைத்து, புது நம்பர் போட்டார். எது அக்கா, எது தங்கச்சி என்ற பட்டியலை மடித்துத் தன் கைப்பையில் வைத்து மூடினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் எடை போடோணும், அண்ணா. என்ற கையை நம்ப முடியாதுங்க, அது ஜெயிக்கோணும்னு நினைக்குது. உங்களுக்கு எது ஜெயிச்சாலும் ஒண்ணுதான்."

நான் முதல் சிரட்டையை எடுத்தேன். இரண்டு விதை தரையில் உருண்டது. பொறுக்கி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடி உருண்டது.

"என்னாச்சுங்கண்ணா?"

விருந்தாளி பக்கத்தில் இல்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். "எனக்கும் தங்கச்சி ஜெயிக்கணும், டீச்சரே."

டீச்சர் மூக்கைச் சிந்திவிட்டு, "அப்படீன்னா இந்தச் சோயா மேல கொஞ்சம்கூட ஆசை இல்லாத ஒருத்தர் வேணுமுங்க" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் படிக்கட்டைப் பார்த்தோம்.

அந்தோணிச் சேட்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது சின்ன எலெக்ட்ரானிக் தராசு, சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. விதையை வைத்ததும் கூண்டை மூட வேண்டும், விரல் பட்டுவிடக் கூடாது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். "எனக்கே தராசு படிப்பிக்கிறதா?" என்று அவர் முகம் சிவந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாக எடை போட்டார். அவர் நம்பரைப் படிக்க, டீச்சர் எழுதினார். ஜன்னலில் சிவப்புத் துண்டு தொங்கியது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மழை மட்டும் சொன்னால் கேட்கவில்லை.

கடைசிச் சிரட்டை முடிந்ததும் டீச்சர் பட்டியலை விரித்தார். ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தார். பாதியில் அவர் முகம் வாடியது. கணக்கை இரண்டு முறை கூட்டினார். பேனாவை வைத்தார்.

"எந்தாயி, டீச்சரே?" என்றார் அந்தோணிச் சேட்டன். "ஜெயிச்சோ, தோத்தோ?"

"குறைஞ்சு போச்சுங்க. முன்னாடி வந்த வித்தியாசத்துல முக்கால்வாசி வெறும் தண்ணிங்க."

அந்தோணிச் சேட்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மீதி கால்வாசி இருக்குதுங்களே," என்று டீச்சர் மெல்லச் சொன்னார், "அது தங்கச்சியோடதுதானுங்க. ரெண்டு பேருக்கும் தண்ணி சமமானப்புறமும் அது போகலீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பதினேழாம் நம்பர் காலிச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோணிச் சேட்டனுக்கு மட்டும் திருப்தியில்லை.

"அப்போ என்ன எழுதப் போறீங்க?"

"இந்த ஜீன் விதை எடையைக் கூட்டலாம்னு எழுதுவேனுங்க."

"கூட்டலாமா? கூட்டுதுன்னு எழுதினா எந்தா? ஆறு வருஷம் டீச்சரே! நான் எழுபத்தொன்பது சிரட்டை எடை போட்டிருக்கேன்!"

"ஒரே ஒரு மாடியில, ஒரே ஒரு பருவத்துல பார்த்ததுங்க. அதுக்கு மேல சொன்னா, அதுவும் ஈரத்தோட எடை போட்ட மாதிரிதானுங்க."

அந்தோணிச் சேட்டன் யோசித்தார். தொழில் தெரிந்தவர் ஆகையால் அது அவருக்குப் புரிந்தது. "மதி, கெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் டீச்சர் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று எங்களுக்கு மறுபடி பழம்பொரி. ஆடுகளுக்குத் தழை. பல மாதம் கழித்து அவரைக் கூப்பிட்டுக் கேள்விகள் கேட்டுப் பட்டமும் கொடுத்தார்கள். தெருவே அவரை டாக்டர் என்று கூப்பிட்டுப் பார்த்தது. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி பயறு டீச்சர்.

போன வருஷம் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார். எண்பது சட்டியும் அதே மினி லாரியில் ஏறியது. உடைந்த சட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். விருந்தாளி அதற்குள் காய்த்துக் காய்ந்துவிட்டிருந்தது. அதன் விதையையே அதில் மறுபடி போட்டிருக்கிறேன். மாடி முழுக்க இப்போது எங்களுக்குத்தான். ஆனால் அந்தோணிச் சேட்டன் மிளகு விரிக்கும்போது அந்தச் சட்டியைச் சுற்றி ஒரு சாக்கு அகலத்துக்கு இடம் விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டால், "அங்க ஆடு வரும், மிளகு வேஸ்ட் ஆகும்" என்கிறார். ஆடு வந்தால் முதலில் கல்லெடுப்பவரும் அவர்தான்.

நேற்று டீச்சர் போன் பண்ணினார். "விருந்தாளி சௌக்கியமுங்களா?" என்று முதலில் விசாரித்தார். பிறகு கறுப்பு ஆட்டை. பிறகு அந்தோணிச் சேட்டனை. கடைசியில் என்னை. "நீங்க எப்படி இருக்கீங்க, அண்ணா?" என்றார். சொல்ல நிறைய இருந்தது. வழக்கம்போல வாய் அடைத்துவிட்டது. "சாயா குடிச்சாச்சா டீச்சரே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு மாடிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சட்டியின் முன்னால் குனிந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னேன்:

"மழைக்காலத்துல இங்க எல்லாமே எடை கூடும்னு சொல்லுவோம். டீச்சர் போனதுல இருந்து அது சரியில்லீங்க. என்னத்தைத் தூக்கினாலும் கொஞ்சம் குறைவாத்தான் இருக்குதுங்க."

மட்டாஞ்சேரி,
ஆடி மாதம், மூன்றாம் ஞாயிறு. காலையிலிருந்து மழை.